பக்கத்து நாட்டைப் பிடிக்க முடியாத அரசர்கள்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் பெரியவர்களுக்கான பின்னேர வகுப்பில் சேர்ந்து வரலாறு படித்தேன். அங்கே என்னைத் தவிரத் தமிழ் பேசியவள் ஒருத்திதான். அவள் காத்தான்குடி, நான் மட்டக்களப்பு. ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் சின்ன பஸ் பயணம்தான். ஆனாலும் ரொறன்ரோவுக்கு வந்துதான் ஒருத்தியை ஒருத்தி தெரிந்துகொண்டோம்.

குளிர்காலத்தில் ஒருநாள் ரீச்சர் எங்களைச் சோடி சேர்த்து ஒரு கேள்வி கொடுத்தார். மத்திய காலத்தின் கடைசியில் ஐரோப்பிய அரசர்களால் பக்கத்து நாட்டை ஏன் லேசில் பிடிக்க முடியவில்லை? வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும்.

"பெரிய படையைக் கொண்டு போனாப் பிடிக்கலாம்தானே, புள்ள. இதில என்ன கஷ்டம்?" என்றாள் அவள்.

அவளுடைய சமையலறை மேசையில் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துப் படித்தோம். இஞ்சித் தேத்தண்ணி ஆறிப்போகும். வாசித்து விளங்கியதை நான் தமிழில் சொல்வேன்.

"ஒரு கோட்டையைப் பிடிக்க மாசக்கணக்கா வெளியில கிடக்கோணும். உள்ளுக்க இருக்கிறவனிட்டச் சாப்பாடு இருக்கு. வெளியில நிக்கிறவனுக்குத்தான் பசி, வயித்தோட்டம், குளிர்."

"பிறகு?"

"பிரபுக்கள் கூட்டிவந்த ஆக்கள் தவணை முடிய வீட்டுக்குப் போயிடுவினம். கூலிப்படை சம்பளம் இல்லாட்டி நிக்காது. ஒரு கோட்டை விழுந்தா அங்கால இன்னொண்டு. இவன் பெரிசாகிறான் எண்டு பயந்து மற்ற அரசர்மாரும் ஒண்டா சேர்ந்திடுவினம்."

"பிடிச்சாப்பிறகும் அந்தச் சனம் இவன்ட சொல்லைக் கேக்கோணுமே," என்று அவளே முடித்தாள்.

பேசவேண்டிய நாள் வந்தது. முன்னால் போய் நின்றதும் என் ஆங்கிலம் முழுவதும் மறந்துபோனது. அவள் என் கையைப் பிடித்துக் காதுக்குள் சொன்னாள்: "எனக்குச் சொன்ன மாதிரியே தமிழில சொல்லு. நான் இங்கிலீசில சொல்லுறன்."

அப்படியே செய்தோம். வயிற்றோட்டத்தை அவள் கையசைத்து விளக்கியபோது வகுப்பே சிரித்தது. அப்படியென்றால் அந்த அரசர்கள் எப்படித்தான் நாட்டைப் பெருக்கினார்கள் என்று ரீச்சர் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்: "கல்யாணம் கட்டி!" ரீச்சரும் சிரித்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நாங்கள் சிரித்த சிரிப்பில் ட்ரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

இருவரும் அந்தப் பாடத்தில் பாஸ். பிறகு அவள் குடும்பம் நகருக்கு வெளியே றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிப் போய்விட்டது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. இப்போது நோன்புப் பெருநாளுக்கு மகன் என்னை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவான். தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பு வட்டிலப்பத்தோடு வாசலுக்கே வந்துவிடுவாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி நிறையக் கதைப்போம். என்றாலும் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல இருந்த அந்தக் குளிர்காலத்துக்குத்தான் என் மனம் இன்னும் ஆசைப்படுகிறது.