முள் சிவப்பைத் தாண்டிய அன்று

இறங்கி வந்த கேப்டன் செல்வின் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே என்னிடம் வந்தார். "டைவ்ல ஆர்பிஎம் முள்ளு செவப்பத் தாண்டிட்டு அண்ணாச்சி. தப்பு எம்மேலதான்" என்றார்.

என்ஜின் தாங்கும் சுழல் வேகத்தின் எல்லைதான் அந்தச் சிவப்புக் கோடு. தொண்ணூறுகளில் ஓசூருக்கு வெளியே சிறு விமானம் கட்டும் ஷெட் ஒன்றில் என்ஜின் என் பொறுப்பு. வானில் குட்டிக்கரணம் போடும் எங்கள் வித்தை விமானத்தைப் பார்க்க மறுநாள் ஒரு பைலட் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வருவதாக இருந்தது. ஆர்டர் கிடைத்தால்தான் ஷெட் பிழைக்கும்.

அந்த விமானத்தில் இருந்தது பிட்ச், அதாவது பிளேடின் சாய்வு, மாறாத ப்ரொப்பெல்லர். இறக்கத்தில் கியரில் வரும் லாரியில் சக்கரமே என்ஜினைச் சுற்றும் அல்லவா? அதுபோல மூக்கு கீழே போனதும் காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றும், அது என்ஜினைச் சுற்றும். அதற்கு முன்பே த்ராட்டிலை இழுத்து என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு இழுப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. செல்வின் முன்பு ஓட்டிய விமானங்களில் கவர்னர் இருந்தது. பிளேடைத் திருப்பி அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

விமானத்தை நிறுத்தி என்ஜினைப் பிரித்தோம். வால்வு, ஸ்பிரிங், ஆயில் ஃபில்டர், ப்ரொப்பெல்லர் எல்லாம் சுத்தம். மறுநாள் வந்த பள்ளிக்காரர்கள் காபி குடித்துவிட்டு, விமானம் பறப்பதைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள்.

மேனேஜர் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்காரர். கோபம் வந்தால் கன்னடத்தில் தொடங்குவார். அன்று எல்லோர் முன்னாலும் தமிழிலேயே கேட்டார். "ஒண்ணுமே இல்லாததுக்கு வந்தவங்கள அனுப்பிட்டியேப்பா. இந்தாளு சொல்லாட்டி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

செல்வின் தலை குனிந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. அதனாலதான் சொல்றேன், அவர ஒரு வார்த்த பேசாதீங்க. இன்னிக்கு இவரு திட்டு வாங்குனா நாளைக்கு எவனும் வாயத் தெறக்க மாட்டான்."

மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். ஆர்டர் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் செல்வினே ஒரு வழக்கம் வைத்தார். பறக்கும் முன் ஷெட் வாசலில் நின்று வித்தையைக் கையால் நடித்துக் காட்ட வேண்டும். வலது உள்ளங்கை விமானம். அது கவிழும் முன் இடது கை த்ராட்டிலை இழுத்தாக வேண்டும். பரதநாட்டியம் ஆரம்பித்துவிட்டது என்று கேன்டீன் ஆட்கள் கேலி செய்வார்கள்.

அப்படியும் ஒருநாள், புதிதாகச் சேர்ந்த பைலட் மாலதி இறங்கியதும் என்னிடம் வந்தார். முள் கொஞ்சமே கொஞ்சம் தாண்டியதாம். பிரித்தோம். ஒரு வால்வின் உள் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது, வெளி ஸ்பிரிங் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போயிருந்தால் என்ஜின் ஆகாயத்திலேயே நின்றிருக்கும்.

உடைந்த துண்டை மேனேஜர் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம்தானே, ஏன் சொன்னீர்கள் என்று மாலதியிடம் கேட்டேன்.

"செல்வின் சார் சொன்னப்போ அவரத் திட்ட விடலையாமே நீங்க" என்றார்.

முள் தாண்டியது என்று யார் வந்தாலும், சொன்னதுக்கு நன்றி என்றுதான் அன்றிலிருந்து தொடங்குவேன். ஸ்பேனரை எடுப்பது அப்புறம்தான்.