படத்தைப் பார்த்துச் செய்த ஏற்றம்

மகோஜிரோவைப் போல ஒரு பிடிவாதக்காரனை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. ஊரிலேயே மேட்டு நிலம் அவனுடையது. ஆறு கீழே ஓடும், அவன் நாற்று மேலே காயும். பெண்டாட்டி பிரசவத்தில் போனபின், மகள் நெனெயை முதுகில் கட்டிக்கொண்டே அந்த மேட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். எனக்குப் பக்கத்து வீடு. பிள்ளை பாதி நாள் என்னிடம்தான் வளர்ந்தது. பேன் தொல்லை தாங்காமல் அவள் முடியைக் கழுத்தோடு நானே வெட்டிவிடுவேன்.

அவளுக்கு ஏழு வயதானபோது மழை சுத்தமாகப் பொய்த்தது. நெல் விளையாவிட்டால் நெனெயை ஆள் வாங்கும் தரகனிடம் விட வேண்டியதுதான். ஊரில் சில வீடுகளில் ஏற்கெனவே பிள்ளைகளை விட்டாகிவிட்டது. மலைமேல் மடத்துக்கு விறகு சுமந்து போன மகோஜிரோ, ஒருநாள் ஓட்டமாக ஓடி வந்தான்.

"அக்கா, பொழச்சோம்! மடத்துல ஜென்பு சாமி ஒரு படம் எழுதுறாரு. ஆத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுது. ரெண்டு பேரு மிதிக்க, பலகையெல்லாம் சங்கிலியா கோத்துத் தண்ணிய அள்ளிட்டு வருது. மிதிக்கிறவன் சிரிச்சுட்டே மிதிக்கிறான்!"

"படத்துல இருக்கிறவனுக்குச் சிரிக்க என்ன கேடு? அவனுக்கு வயிறா இருக்கு?" என்றேன். அவன் காதில் ஏறவில்லை.

கூரை மூங்கிலையும் கதவுப் பலகையையும் பிரித்து ஏற்றம் செய்ய உட்கார்ந்தான். மடத்துக்கு ஓடுவான், படத்தின் முன்னால் நிற்பான், திரும்பி வந்து செதுக்குவான். பாதிக்கு மேல் வேலை சிக்கிக்கொண்டது. சங்கிலி ஆற்றுக்குள் திரும்பும் இடத்தில் படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"சாமி, இந்த எடத்துல என்ன இருக்கு?"

"அதுவா? மூடுபனி," என்றார் ஜென்பு சாமி.

"பனிக்குள்ள என்ன இருக்கு சாமி?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? இது சீன தேசத்துப் படம். அதைப் பாத்து எங்க குரு எழுதினாரு, அவரு எழுதினதைப் பாத்து நான் எழுதுறேன். இந்த ஏத்தத்தை நான் கண்ணால பாத்ததே இல்ல."

நல்ல மனுஷர்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் ஆறு காலடியில் ஓடும்போது, காணாத ஆற்றை எழுதுவானேன்?

அந்த வெள்ளை இடத்தை மகோஜிரோ தன் புத்திக்கு எட்டியபடி செய்து முடித்தான். ஆற்றில் இறக்கி, நானும் அவனும் ஏறி மிதித்தோம். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சங்கிலி அறுந்து எல்லாம் ஆற்றோடு போயிற்று. கரையில் நின்ற நெனெ கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

நாற்று கருகிய பின் தரகன் வந்தான். நெனெ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

"அத்தை, நான் கொஞ்சமாத் தின்னுறேன் அத்தை."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது மகோஜிரோதான்.

பனி விழத் தொடங்கியதும், சாமியிடம் போய் மகளைப் படமாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். அவரும் மறுக்காமல் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதப் பழகிய பெண் பிள்ளை சீனத்துப் படத்துப் பிள்ளைதான். உச்சியில் தூக்கி முடிந்த கொண்டை, தரையைப் பெருக்கும் அங்கி.

"இது யாரு தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"நெனென்னு சொல்லித்தான்க்கா எழுதச் சொன்னேன்," என்றான். முகம் செத்துப்போயிருந்தது. இருந்தும் அதைச் சுவரில் ஒட்டினான்.

வருஷங்கள் போய்விட்டன. நெனெ இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. மேட்டு நிலம் புல் மண்டிக் கிடக்கிறது. அடுப்புப் புகையில் அந்தத் தாளும் பழுத்துவிட்டது. போன வாரம் தினைக் கஞ்சி கொண்டுபோனேன். மகோஜிரோ படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஞாபகம் இருக்காக்கா? இப்படித்தான் முடியைத் தூக்கி உச்சியில முடிஞ்சுக்குவா. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா."

அந்த முடியை வெட்டிவிட்ட கை என்னுடையது. அந்தக் கையில்தான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்திருந்தேன்.

"ஆமா தம்பி, கேக்கவே மாட்டா," என்றேன்.