டூலியோவின் முழங்காலுக்காகப் படவேடு வரை

ஆடி வெள்ளியன்று சென்னையிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று இரண்டு பேர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். முடியும். 2002 ஆகஸ்டில், ஆடி நான்காம் வெள்ளியன்று நான் போய்த் திரும்பினேன். பஸ் நேரமும் கட்டணமும் குறித்து வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எதற்காகப் போனேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரையில் பஸ் கட்டணம் மட்டும்தான் உண்மையாக இருக்கும்.

1995 முதல் இரண்டு ஆண்டுகள் ஆரணியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சேவூரில் வாடகை அறை. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுபவர், என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். அவரிடம் ஒரு சிற்றலை ரேடியோ இருந்தது. சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் இங்கிலாந்து லீக் ஆட்டத்தின் வர்ணனை கரகரவென்று வரும். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு முக்கால். நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொள்வார். கோலைவிட அவருக்குப் பிடித்தது டிரான்ஸ்ஃபர் செய்திதான். எவன் எந்தக் கிளப்பை விட்டு எங்கே போனான் என்பது இத்தாலி, ஸ்பெயின் உட்பட அவருக்கு மனப்பாடம். "எடம் சரியில்லன்னா மூட்டையக் கட்டிகினு வேற எடம் போறான் பாருங்க சார், அதான் ஆட்டம்" என்பார்.

எனக்குச் சென்னைக்கு மாற்றலான பிறகு, தறிச் சத்தத்தில் அவர் காது மந்தமாகத் தொடங்கியது. ரேடியோ பிடிபடவில்லை. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டரில் முடிவுகளையும் டிரான்ஸ்ஃபர்களையும் எழுதி அனுப்புவதாக வாக்குக் கொடுத்தேன். ஷெட்டை ஒட்டிய டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. என் கடிதம் வந்ததும் அவர் அதைச் சாக்பீஸால் பலகையில் எழுதுவார். தறி ஓட்டும் பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டே படிப்பார்கள்.

1999இல் அவருடைய இடது காது முழுதாகப் போனது. வேலூரில் டாக்டர், ஷெட்டை விட்டால்தான் வலது காது தங்கும் என்று சொல்லிவிட்டார். மனைவி செல்விக்குச் சொந்த ஊர் படவேடு. அங்கே வாழைத்தோட்டத்தில் வேலை இருந்தது. கூலி குறைவு. "போகலாமா, நீங்க சொல்லுங்க சார்" என்று எழுதியிருந்தார்.

அந்த வாரம் என் குழந்தைக்குக் காய்ச்சல். நான் பேப்பரே பார்க்கவில்லை. போங்கள் என்று சொல்லி, நாளைக்கு அங்கே வருமானம் போதாமல் போனால் என்னைத்தானே குறை சொல்வார் என்று பயம். கடிதத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும். டூலியோ என்ற போர்ச்சுகல் ஆட்டக்காரனுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு காது கேட்காது, அவனை ஓர் இத்தாலி கிளப் பெரிய விலைக்கு வாங்கியிருக்கிறது, தைரியமாக இருங்கள் என்று எழுதினேன். அப்படி ஒருவன் கிடையாது. ஐந்து நிமிடத்தில் நானே உண்டாக்கியவன். ஏகாம்பரம் பதில் போட்டார்: "அவன் ஆடும்போது நான் ஓட்ட மாட்டேனா?" படவேடு போகாமல் ஷெட்டிலேயே தங்கிவிட்டார். அதைப் படித்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்டவன்.

பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் டூலியோ எப்படி இருக்கிறான் என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. மூன்று ஆண்டுகளில் அவனை மூன்று கிளப்புகளுக்கு மாற்றினேன். முக்கியமான கோல்களாகப் பார்த்துக் கொடுத்தேன். 2002 உலகக் கோப்பை வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். டீக்கடைக்காரர் வாடகைக்கு டிவி பிடித்து வைக்க, அத்தனை பேரும் டூலியோவைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். போர்ச்சுகலின் பதினொரு பேரிலும் அவன் இல்லை, பெஞ்சிலும் இல்லை. என்ன ஆச்சு என்று ஏகாம்பரம் கேட்டு எழுதினார். முழங்காலில் அடி, ஆறு மாதம் ஆட முடியாது என்று ஒரு கார்டு போட்டேன்.

அதற்கு வந்த பதில்தான் என்னைக் கிளப்பியது. டூலியோவின் கால் குணமாகப் படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஆடி நான்காம் வெள்ளி கால் உருவம் வாங்கிப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தார். நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பாரிமுனையில் காலை 4.30க்குப் பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழி ஆரணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர், 42 ரூபாய். காஞ்சிபுரத்தில் பத்து நிமிடம் நிற்கும், காபியை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். செய்யாற்றைத் தாண்டினால் சாலை மோசம். 8.40க்கு ஆரணி. அங்கிருந்து சேவூருக்கு டவுன் பஸ்ஸில் இரண்டு ரூபாய், கால் மணி நேரம்.

வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட என்னைச் செல்வி நிறுத்தினார். "கூப்பிட்டுப் புண்ணியமில்லண்ணா. இன்னோரு காதும் போயி எட்டு மாசம் ஆவுது. உங்களுக்கு எழுத வேணாம்னுட்டாரு, வருத்தப்படுவீங்களாம்."

இது எனக்குத் தெரியாது. உள்ளேயிருந்து வந்த ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு பென்சில் கட்டிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"பேசறதெல்லாம் இதுல எழுதுங்க சார். உங்க கையெழுத்து எனக்கு நல்லா புரியும்" என்றார் சத்தமாக.

சேவூர் நிறுத்தத்தில் 9.50க்குப் படவேடு ஸ்பெஷல் பஸ். கண்ணமங்கலம், சந்தவாசல் வழி, 8 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஆடி வெள்ளி என்பதால் படிக்கட்டு வரை கூட்டம். நாங்கள் இருவர் மட்டும், செல்வி வரவில்லை. வழியிலேயே சொல்லிவிட நினைத்திருந்தேன். காது கேட்காதவரிடம் ஒரு விஷயத்தை ரகசியமாகச் சொல்ல முடியாது என்பது ஏறிய பிறகுதான் உறைத்தது. கத்தினால் பஸ் முழுக்கக் கேட்கும், அவருக்குக் கேட்காது. எழுதலாம் என்றால் பஸ் ஆடியது. இது சாக்கு என்று எனக்கே தெரியும்.

"டூலியோ அடுத்து எந்தக் கிளப்புக்குப் போவான் சார்?" என்று கேட்டார். முன் சீட்டிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் என்னிடம் கேட்டார்: "யாருங்க அது, சொந்தக்காரரா?"

"ஆமாங்க" என்றேன்.

சந்தவாசலில் திரும்பியதும் ஜவ்வாது மலை நெருங்கி வரும், இரண்டு பக்கமும் வாழை. நல்ல காட்சி, இடது பக்கம் உட்காருங்கள். ஏகாம்பரம் ஜன்னல் வழியாகக் கை நீட்டினார். "அந்தத் தோட்டந்தான் சார். வந்திருந்தா இந்நேரம் அதுல தண்ணி கட்டிகினு இருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கோவில் வாசலில் உருவம் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தகட்டில் வெட்டிய கண், கை, கால், வயிறு, காது. உடம்பில் எது சரியில்லையோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். எதை எடுத்தாலும் பதினைந்து ரூபாய். ஏகாம்பரம் கால்களாகப் புரட்டி, முழங்கால் மடிப்பு நன்றாகத் தெரிகிற ஒன்றைப் பொறுக்கினார். நான் அவர் தோளைத் தொட்டு, தட்டிலிருந்த காதைக் காட்டினேன்.

"அது போனது போனதுதான் சார்" என்றார். "அவனுக்கு இன்னும் வயசு கீது."

கடை ஓரத்திலேயே நோட்டைப் பிரித்து எழுதினேன். "டூலியோ என்று யாரும் இல்லை. எல்லாம் நான் கட்டி எழுதியது. மன்னித்துவிடுங்கள்."

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர், "ஜல்தியா நடங்கப்பா" என்று நெட்டினார். ஏகாம்பரம் நோட்டை மூடி மடியில் செருகிக்கொண்டு வரிசையில் நடந்தார். தரிசனத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் திரும்பவில்லை, நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்டியல் வந்ததும் தகட்டுக் காலைப் போட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். திருநீற்றை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், முதல் முறையாகத் தணிந்த குரலில்.

"ஒரு காது கேக்காதுன்றதும் நீங்களா எழுதினதுதானா?"

தலையாட்டினேன். அதற்கு நோட்டு தேவைப்படவில்லை.

"அப்ப அன்னிக்குப் போகலாமான்னு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே எழுதல" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

2.10க்குத் திரும்பும் பஸ். இடம் கிடைத்தும் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. சேவூரில் இறங்கி நேராக டீக்கடைக்குப் போனார், நானும் பின்னால் போனேன். ஆறேழு பேர் இருந்தார்கள். "வேண்டுதல் முடிஞ்சுதா? நம்மாளு எப்ப வருவான்?" என்று ஒருவர் கையை ஆட்டிக் கேட்டார். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன், ஏறக்குறைய விரும்பினேன். அவர் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். ஈரம் காயும்வரை நின்று, பிறகு எழுதினார்: "டூலியோ, முழங்கால் குணமாகவில்லை. இனி ஆட மாட்டார்."

"அட பாவமே" என்றார் ஒருவர். என் பொய்க்கு அவர் முடிவு எழுதி, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு மணி ஷிப்டுக்கு நேரமாயிற்று. ஏகாம்பரம் சாக்பீஸைப் பலகை மேல் வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனார். வாசலில் நின்ற எனக்கே அந்தச் சத்தத்தில் காது அடைத்தது.

போகிறவர்களுக்கு: ஆடி வெள்ளியில் கூட்டம் அதிகம், குழந்தைகள் இருந்தால் சாதாரண நாளில் போங்கள். படவேட்டிலிருந்து மாலையில் பஸ் குறைவு, மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஆரணியில் 4.45க்குச் சென்னை பஸ் உண்டு. சாப்பாட்டைக் கையில் கொண்டு போவது நல்லது. போக வரச் செலவு நூற்றுச் சொச்சம். யாருக்காவது ஊர்ச் செய்தி எழுதுகிற பழக்கம் இருந்தால், தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள்.

நான் இன்றும் திங்கள்தோறும் முடிவுகளை எழுதி அனுப்புகிறேன், இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகு. ஊர் திரும்பிய மறுநாள் எழுதிய கடிதத்தில் மட்டும் கால்பந்து இல்லை. 1999இல் அவர் கேட்டதற்கான பதில்தான் இருந்தது. படவேட்டுக்குப் போய்விடுங்கள் என்று எழுதியிருந்தேன். இதுவரை அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.