அத்தையின் முடிஞ்ச கார்டு

போன மாதம் ஒரு பந்துவீச்சாளர் ஓய்வு பெறுவதாக டிவியில் அறிவித்தார். வீட்டில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் மகள் அழாத குறை. எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று மகள் கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பிடித்த ஆட்டக்காரர் சதம் அடிக்க வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் சீக்கிரம் ஆட்டத்தை விட்டுப் போய்த் தொலைய வேண்டும் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டவள் நான். பிடிக்காமல் இல்லை. ரொம்பப் பிடித்ததால்தான்.

அப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் பபுள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் கார்டு இருக்கும். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் அதுவரை ஆடிய ஆட்டம், எடுத்த ரன், விக்கெட், கேட்ச் என்று எல்லாக் கணக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கார்டை எடுப்போம். ஒருத்தி 'ரன்' என்று சொன்னால், யாருடைய கார்டில் ரன் அதிகமோ அவளுக்கே இரண்டு கார்டும். வருஷா வருஷம் புதுக் கார்டு வரும். அதே ஆள், கணக்கு மட்டும் ஏறியிருக்கும். அதனால் ஒருவருடைய பழைய கார்டு அவருடைய புதுக் கார்டிடமே தோற்கும். எனக்கு உயிரான ஒரு மனிதர் தன்னிடமே தோற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டால் கதையே வேறு. அதன் பிறகு அவருக்கு ஒரே ஒரு கார்டு வரும், முழுக் கணக்கும் ஏறிய கார்டு. அதற்கப்புறம் அவரை அச்சடிக்கவே மாட்டார்கள். அதை நாங்கள் 'முடிஞ்ச கார்டு' என்போம். அதை இனி எந்தப் புதுக் கார்டும் பழசாக்க முடியாது. மற்ற பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். நான் எனக்குப் பிடித்தவர்களின் முடிஞ்ச கார்டுகளை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். சலூன் கடைப் பேப்பரில் யாருக்காவது முழங்கால் வலி, முதுகு வலி, டீமில் இடம் சந்தேகம் என்று செய்தி வந்தால் எனக்குத் தலைகால் புரியாது.

எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைத்ததும் மாதா படத்துக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, மழைக்காக மன்றாடுவார், வயலில் மணிலாக் கடலை போட்டிருந்தால் அதற்காகவும். அம்மா ஊரில் நோயில் கிடக்கிற எல்லாருக்காகவும் பேர் சொல்லி மன்றாடுவாள். நான் ஒரு நாள், நம் டீமின் இடதுகை ஆட்டக்காரர் இந்த வருஷமே ஓய்வு பெற வேண்டும் என்று சொன்னேன். பழக்க தோஷத்தில் எல்லோரும் கேட்டருளும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அப்புறம்தான் நைனாவுக்கு உறைத்தது. சாமியிடம் கேட்கிற விஷயமா இது என்று கத்தினார். அத்தைதான் எனக்காகப் பேசினாள். "கேக்கட்டும் வுடுண்ணா. நமக்கு நம்முளுது பெருசு, அவளுக்கு அது பெருசு."

அத்தை நைனாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கபடி ஆடுவாள். சும்மா ஆடுவாள் என்று சொன்னால் அது அவளுக்குச் செய்கிற துரோகம். எதிரணிக்குள் ரெய்டு போனால், பிடித்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுவாள். ராஜகிரி மலை நிழல் மைதானத்தில் விழுகிற வரை பயிற்சி. பிறகு முட்டியெல்லாம் செம்மண்ணோடு வந்து நேராக ஜெபத்துக்கு உட்காருவாள். தன் முறை வந்தால் எப்போதும் ஒரே மன்றாட்டுதான். "என் கருத்துக்காக" என்பாள், அவ்வளவுதான். மனசுக்குள் என்ன கேட்கிறாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரியும். நல்ல மாப்பிள்ளைதான் கேட்கிறாள் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். அதனால் அத்தைக்குப் பதில் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் ஓங்கும்.

அத்தைக்கும் ஒரு கார்டு இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையை வெட்டி, அவளுடைய பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டினேன். பின்பக்கம் ஆட்டம், ரெய்டு, பிடி என்று கணக்கு எழுதினேன். காயம் என்றும் ஒரு வரி சேர்த்தேன், அதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. மறுநாளே பக்கத்து வீட்டுப் பையனோடு ஆட உட்கார்ந்து, என் முறை வந்ததும் 'ரெய்டு' என்றேன். அவன் கையில் இருந்த உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஒரு ரெய்டு கூடப் போனவர் இல்லை. கார்டைக் குடு என்று கை நீட்டினேன்.

அவன் லேசுப்பட்டவன் இல்லை. எங்கள் தெருவில் எல்லா விளையாட்டுக்கும் அவன்தான் நடுவர். வாரா வாரம் நீயே பேனாவால் கணக்கை ஏற்றிக்கொள்வாய், அது கள்ள ஆட்டம் என்றான். ரொம்ப நேரம் சண்டை போட்ட பிறகு ஒரு தீர்ப்பு சொன்னான். உன் அத்தை ஆட்டத்தை விட்டு நின்றுவிட்டால் கணக்கு ஏறாது, அப்போது அது முடிஞ்ச கார்டு, அப்போது சேர்த்துக்கொள்ளலாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து அத்தை எப்போது நிற்பாள் என்பதே என் கவலை. அவளிடமே கேட்டேன். "சாவற வரைக்கும் ஆடுவேன்டி" என்று சொல்லிவிட்டுப் பொதபொதவென்று தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். நல்லவேளையாக நைனாவும் அம்மாவும் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆகிவிட்டால் எந்த வீட்டில் ஆட விடுவார்கள், தானாக நின்றுவிடும் என்றார் நைனா. அத்தை அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள், சோற்றுத் தட்டில் பாதி சோறு இருக்கும். எனக்கோ கல்யாணம் என்ற சொல்லே தேனாக இனித்தது.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பால் சொசைட்டியில் வேலை. கபடி விஷயத்தை மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. அத்தை வாங்கிய கப்புகளெல்லாம் அரிசி டிரம்முக்குள் போயின. டீம் போட்டோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. முழங்கைத் தழும்பைப் பற்றிக் கேட்டால் சைக்கிளில் விழுந்ததாகச் சொல்ல வேண்டும். அத்தை பட்டுப்புடவையில், ஜெயிலுக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா பக்தியான மனுஷி. பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு ஜெபம் சொல்லிவிடலாம் என்றார். எல்லோரும் மாதா படத்தின் முன் முழங்காலில் நின்றோம். மன்றாட்டு வட்டமாக வந்தது. அந்த அம்மா இரண்டு குடும்பமும் செழிக்க மன்றாடினார். அவர் வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு நைனா, பிறகு அம்மா. அடுத்தது நான். நைனா என்னை ஒரு முறை முறைத்தார். கிரிக்கெட்டை இழுக்காதே என்று அதற்கு அர்த்தம். நானும் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை, கிரிக்கெட்டை இழுக்கவில்லை.

"எங்க அத்தை இந்த வருஷத்தோட கபடி ஆட்டத்தை முடிச்சிக்கணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று விருந்தாளிகளின் குரல் மட்டும் கணீரென்று வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது பக்தியால் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மெதுவாகக் கண்ணைத் திறந்து, கபடியா என்பது போல அத்தையைப் பார்த்தார்.

அடுத்த முறை அத்தையுடையது. என் கருத்துக்காக என்று சொல்லிவிட்டு அவள் தப்பித்திருக்கலாம். அம்மா சைக்கிள் கதையை எடுத்துவிட்டுச் சமாளித்திருப்பாள். அத்தை மாதா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோட்டைத் தாண்டும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பாளே, அப்படி ஒரு மூச்சு இழுத்தாள்.

"கல்யாணம் ஆனாலும் நான் கபடி ஆடினே இருக்கணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை. மன்றாட்டுக்குப் பதில் வராமல் போனதை நான் அதுவரை கண்டதில்லை. நைனா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். வெளியே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அத்தையின் காது மடல் சிவந்துவிட்டது, கூப்பிய கையை மட்டும் இறக்கவில்லை.

அப்போது ஒரே ஒரு குரல் கேட்டது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மாப்பிள்ளைதான். அவசரம் இல்லாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார். அவருடைய அம்மா திரும்பி மகனை ஏற இறங்கப் பார்த்தார். மகனோ மாதா படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து மன்றாட்டு சொல்ல வேண்டியவரும் அவரே. ஆனால் அந்த அம்மா அதற்கு இடம் கொடுக்காமல் கடைசியில் சொல்கிற பரலோக மந்திரத்தை ஆரம்பித்து மளமளவென்று முடித்துவிட்டார்.

ஜெபம் முடிந்து எழுந்ததும் நைனா கையைப் பிசைந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கையமர்த்தினார். "அது வாணாம்னு கேட்டதுக்கும் பதில் சொல்லியாச்சு, வேணும்னு கேட்டதுக்கும் பதில் சொல்லியாச்சு. எதக் குடுக்கணுமோ ஆண்டவர் குடுக்கட்டும். காபி ஆறுது பாருங்க." அப்புறம் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்கைத் தழும்பைத் தொட்டு, இது எந்த ஆட்டத்தில் என்று கேட்டார். அத்தை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா உள்ளே போய்ச் சத்தம் போடாமல் அரிசி டிரம்மைத் திறந்தாள். ஒரு கப்பிலிருந்து அரிசியைக் கொட்டிவிட்டு, துடைத்து, காபித் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்து நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கார்டு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நடந்தது, அத்தை ஆடிக்கொண்டே இருந்தாள். கணக்கு ஏறி ஏறி அட்டையில் எழுத இடமில்லாமல் போனது. எதிர்வீட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கார்டு விளையாட்டையே மறந்த பிறகும் அது முடியாத கார்டாகவே இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. என் மன்றாட்டுக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எவ்வளவு சத்தமாகச் சொன்னார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் குறுக்கே புகுந்து கெடுத்துவிட்டாரே என்று பொருமினேன். இறக்கி விடு என்று உதறிக்கொண்டு கீழே குதித்தேன். நாளைக்கு ஜெபத்தில் நான் என்ன கேட்கப்போகிறேன் தெரியுமா, அந்த ஆள் திரும்ப இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று கேட்கப்போகிறேன் என்று சொன்னேன்.

அத்தையின் சிரிப்பு சட்டென்று நின்றது. உள்ளங்கையால் என் வாயை அழுத்திப் பொத்தினாள். எத்தனை பேர் சேர்ந்து பிடித்தாலும் பயப்படாதவள், வண்டி போன தெருமுனையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அத மட்டும் கேட்டுடாதடி கண்ணு" என்றாள்.

அந்த மனிதர் எங்கள் வீட்டில் பேசியதே ஒரு வரி. அதுவும் தினமும் எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்கிற வரி, நான்கூட யோசிக்காமல் சொல்கிற வரி. அதில் இவள் அப்படி என்னத்தைக் கேட்டுவிட்டாள் என்று, வாய் பொத்தப்பட்டு நின்ற எனக்கு விளங்கவேயில்லை.