மெக்கானிக்குக் கேட்காத சத்தம்: டப்ளினிலிருந்து மலை ஏரி வரை

இந்த இணையப் பக்கத்தில் பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னமும் இங்கே வந்து கேள்வி கேட்கிறீர்கள். கியர் சத்தம் போடுகிறது, மெக்கானிக் ஆயிரக்கணக்கில் கேட்கிறான், என்ன செய்யலாம் என்று. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், அவரை மாதிரி எழுத வராது. ஆனால் அதே தொந்தரவு எனக்கும் வந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன ஜூனில் அவருடைய முதல் வருஷத் திதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திதி கொடுத்தது அவருடைய தம்பி சேகர். அது முடிந்த சனிக்கிழமை, அவர் வருஷா வருஷம் கூடாரம் போடுகிற மலை ஏரிக்குப் போய் ஒரு படையல் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய வண்டியில்தான் போக வேண்டும் என்றும் நினைத்தேன்.

வண்டிக்கு வயது இருபத்தாறு. இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் மைல் ஓடியிருக்கிறது. அவர் போனதிலிருந்து சேகர் மூன்று தடவை கேட்டுவிட்டார். "அண்ணி, அந்த வண்டிய என்கிட்ட குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்." என்ன பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொல்லவில்லை. சேகர் ஓட்டுவது கரண்ட் கார், கியரைத் தொட்டே பல வருஷம் இருக்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தப் பயணம் தொந்தரவில்லாமல் முடிந்தால் வண்டி என்னிடம் இருக்கும். வழியில் மக்கர் பண்ணினால் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். "நானும் கூட வரேன்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம்.

டாலர் தேசத்து டப்ளின்தான் எங்கள் ஊர். காலை ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பினோம். கிளம்பும் முன் எஞ்சினை ஓடவிட்டு கியர் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ரோஸ்மில்க் எசென்ஸ் மாதிரி சிவப்பாக இருந்தால் நல்லது, காப்பி நிறத்தில் கருகல் வாசனை வந்தால் கெட்டது என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சிவப்பாகத்தான் இருந்தது.

நான்தான் ஓட்டினேன். படையல் சாப்பாடு நாலடுக்கு டிபன் கேரியரில் இருந்தது. புளிசாதம், உளுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். சேகர் மடியில் கொடுக்க மனசு வரவில்லை. பதினாறாம் நாள் படையலுக்கு முன்பே இலையில் ஒரு வடை குறைந்தது, யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். படைக்கிற வரைக்கும் அதை வேற்று ஆள் மோந்துகூடப் பார்க்கக் கூடாது.

இந்த வண்டியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் உண்டு. பின்னால் இழுத்து வைத்தால் இரண்டு சக்கரம் இழுக்கும், முன்னால் தள்ளினால் நாலும் இழுக்கும். அதற்குப் பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கேரியரை அதில் இறக்கி, சுற்றித் துண்டைச் செருகினேன். ஆடாமல் நின்றது.

பதினைந்து மைலில் ஆல்டமான்ட் மேடு. ஏறும்போது ஒன்றுமில்லை. இறக்கத்தில் பிரேக் போட்டேன். காலுக்கடியில் கரகரவென்று ஒரு சத்தம், கூடவே தடக்கென்று ஒரு உதை.

"கேட்டீங்களா அண்ணி? நான் அப்பவே சொன்னேன்" என்றார் சேகர். கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த ஊர் ட்ரேஸியில் இறங்கி மறுபடி குச்சியைப் பார்த்தேன். அதே சிவப்பு. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆனால் அங்கிருந்து ஓக்டேல் போகிற வரைக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் கரகர, தடக்.

ஓக்டேலில் ஒரு மெக்கானிக் கடை திறந்திருந்தது. சாவியைக் கொடுக்கும் முன் கேரியரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அத வண்டியிலயே வெச்சுட்டு வாங்க அண்ணி. அவன் புளிசாதத்த என்ன பண்ணப் போறான்?"

"நீங்க வடைய என்ன பண்ணீங்க?" என்றேன்.

மெக்கானிக் தனியாக ஓட்டிக்கொண்டு போய் இருபது நிமிஷத்தில் வந்தான். ஒரு சத்தமும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது, காசு வேண்டாம் என்றான். காசு வேண்டாம் என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஊரில் எவன் சும்மா வேலை பார்க்கிறான்? ஸ்டெப்னி டயர் இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, பேட்டரி பழைய பேட்டரிதானா என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கேரியரைப் பள்ளத்தில் வைத்துக் கிளம்பினேன்.

நாலு மைல் தாண்டவில்லை. கரகர, தடக்.

முப்பது மைல் தள்ளி சொனோராவில் சேகரே போனில் தேடி இன்னொரு கடை பிடித்தார். அங்கேயும் நான் கேரியரோடு இறங்கினேன். அந்த ஆள் பார்க்கிங்கில் ஒரு சுற்று ஓட்டினான், லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தான், கியர்பாக்ஸ் போய்விட்டது என்றான். கழற்றி மாட்ட நாலாயிரத்து இருநூறு டாலர். வேண்டாமென்றால் வண்டியை அறுநூறுக்கு அவனே எடுத்துக்கொள்வானாம். சேகரும் அவனும் தள்ளிப் போய் நின்று இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள்.

"தம்பி, அவன் காதால சத்தம் கேட்டானான்னு கேளுங்க."

சேகர் கேட்டுவிட்டு வந்தார். "கேக்கலையாம் அண்ணி. இந்த வயசு வண்டிக்கு கேக்கணும்னு இல்லையாம்."

"கேக்காமயே நாலாயிரமா? சாவிய வாங்குங்க."

"அண்ணி, ஸ்டபர்னா இருக்காதீங்க. நடுக்காட்டுல நின்னா யாரு வந்து இழுப்பா?"

"நின்னா சாவி உங்களுக்கு. இன்னும் நிக்கல இல்ல?"

அந்தச் சத்தத்தோடு மலை ஏற எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அங்கிருந்து சேகர் ஓட்டினார். பின் சீட்டில் வெயில் அடிக்க வாழையிலைக் கட்டும் பூவும் வாடத் தொடங்கியிருந்தன. அவற்றை என் மடியில் வைத்துக்கொண்டேன். கேரியர் பழைய இடத்திலேயே.

மலைப்பாதை. ஏறி ஏறி இறங்கும். முதல் இறக்கத்தில் கரகர. இரண்டாவதில் தடக். நான் யோசித்தேன். வெளியாள் ஓட்டினால் வராத சத்தம், நாங்கள் இருக்கும்போது மட்டும் எப்படி வருகிறது? நான் ஓட்டும்போது இவர் பக்கத்தில் இருந்தார். இப்போது இவரே ஓட்டுகிறார். கால் முட்டியாலோ கையாலோ ஏதோ செய்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் காலைப் பார்க்க வேண்டும், கேரியர் மறைத்தது. இலைக் கட்டைப் பின்னால் போட்டுவிட்டுக் கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் காலையே பார்த்தபடி வந்தேன்.

மூன்று இறக்கம் போனது. சத்தமே இல்லை.

நான் பார்க்கிறேன் என்று தெரிந்து நிறுத்திவிட்டார். அப்படித்தான் நினைத்தேன்.

"என்ன அண்ணி, என் ஷூவையே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஓட்டுங்க." கேரியரை மறுபடி பள்ளத்தில் வைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணம். இந்தத் தடவை குனிந்து உட்கார்ந்துகொண்டேன். அடுத்த இறக்கத்தில் கரகரவென்றது.

"தம்பி, கால எடுங்க!"

"எந்தக் கால? இது பிரேக்குல இருக்கு. எடுத்தா ரெண்டு பேரும் பள்ளத்துல இருப்போம்."

கிளட்ச் இல்லாத வண்டி, அவருடைய இன்னொரு கால் தரையில் சும்மா கிடந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முட்டி எதையும் தொடவில்லை. அப்போதுதான் கேரியரைப் பார்த்தேன். பிரேக் போட்டதும் அது முன்பக்கம் சாய்ந்து சின்ன லீவரின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. லீவர் இரண்டு சக்கரத்துக்கும் நாலு சக்கரத்துக்கும் நடுவில் தொங்கியது, உள்ளே பல் பாதி மாட்டி உரசியது. துண்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். லீவர் தானாகப் பழைய இடத்துக்குப் போனது. சத்தம் நின்றது.

நாலு சக்கரத்துக்குப் போனால் மீட்டரில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கு செத்து எத்தனையோ வருஷம். எரிந்திருந்தால் ஆல்டமான்ட்டிலேயே தெரிந்திருக்கும். வேற்று ஆள் தொடக் கூடாது என்று ஒவ்வொரு கடையிலும் கேரியரோடு நான் இறங்கினேன், என்னோடு சேர்ந்து வண்டியின் நோயும் இறங்கிவிட்டது. மெக்கானிக் எதைக் கேட்பான்?

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி சேகருக்குக் காட்டினேன். கையால் கேரியரைச் சாய்த்தார், லீவர் நகர்ந்தது. நிமிர்த்தினார், திரும்பியது. பிறகு, "நாலாயிரத்து எரநூறு டாலர் வடை" என்றார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு அழுகையும் வந்துவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷம் இதே கேரியரோடு இதே ஏரிக்கு வந்திருக்கிறோம், ஒரு நாளும் இந்தச் சத்தம் வந்ததில்லை. ஓட்டியது அவர். கேரியர் என் மடியில்.

கடைசி எட்டு மைல் மண் பாதை. அதை நான் ஓட்டினேன். வண்டியை நிறுத்தி, சின்ன லீவரை முழுசாக முன்னால் தள்ளி, நாலு சக்கரத்திலும் ஏற்றினேன். ஒரு முனகல் இல்லை. பதினொன்றரைக்கு ஏரி. கற்பூரம் ஏற்றவில்லை, காட்டில் நெருப்பு வைத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இலை போட்டுப் பரிமாறி, பூ வைத்துக் கும்பிட்டோம். சேகர் இலையைத் தொடாமல் கை கட்டி நின்றார். பிறகுதான் சொன்னார். "வண்டி கையில இருந்தா நீங்க தனியாவே இங்க கெளம்பிடுவீங்கன்னு பயம் அண்ணி. அதான் கேட்டேன்." முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சேகர் தட்டில் இரண்டு வடை எடுத்து வைத்தேன்.

போகிறவர்களுக்கு: டப்ளினிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய நூற்று இருபது மைல், பெட்ரோல் போக வர எண்பது டாலர் ஆனது. மிச்சச் சாப்பாட்டைக் காட்டில் விடாதீர்கள், கரடி வரும். கியர் சத்தம் வந்தால் முதலில் ஆயில் குச்சி, அடுத்து சின்ன லீவர். அதைச் சுற்றி ஒரு சாமானும் வைக்காதீர்கள், செத்த விளக்கை மாற்றிவிடுங்கள். மெக்கானிக்கிடம் விடும்போது வண்டியில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் இருந்த இடத்திலேயே இருக்க, நீங்களும் கூடவே உட்கார்ந்து போங்கள். உன் காதால் கேட்டாயா என்று கேளுங்கள்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சாவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கழுவின கேரியரை சேகர் மடியில் கொடுத்தேன். காலிதான், ஆனாலும் டப்ளின் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஒரு கண்ணை அதன் மேல் வைத்தபடிதான் ஓட்டினேன்.