வலக்கைப் புத்தகம்

சலூன் வாசலில் முக்காலியைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, 'சிகை அலங்கார கடை' என்ற பலகையில் விட்டுப்போன 'க்' ஒன்றைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருக்கிறார் சாமிக்கண்ணு. உள்ளே ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டுக் கடைக்காரர் ஓடி வருகிறார்.

"முசே! போன வாரம் நீங்க போட்டதயே இப்பத்தான் தொடச்சேன். மறுபடியும் இன்னா?"

"ஒற்று இல்லாத கடையில எவன்யா தலயக் குடுப்பான்?"

புதுச்சேரியில் இவர் கை வைக்காத பலகைகள் பிரெஞ்சுப் பலகைகள் மட்டும்தான். ஊரார் மரியாதைக்குக் கூப்பிடும் 'முசே'யைத் தவிர அந்தப் பாஷை இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், நாலு வருஷத்துக்கு முன்னால் கொடியை இறக்கிய வெள்ளைக்காரர்கள் இன்னும் சீக்கிரமே கிளம்பியிருப்பார்கள்.

தொழில் எழுத்து. எந்தப் பத்திரிகையிலும் உத்தியோகம் இல்லை. கல்யாணத்துக்கு வாழ்த்துமடல், கருமாதிக்கு இரங்கற்பா, கூந்தல் தைலத்துக்கு நோட்டீஸ் என்று கேட்டவருக்குக் கேட்டபடி எழுதித் தருவார். வாழ்த்தின் கீழே மாமன் மைத்துனன் பெயர்கள் இருக்கும். இரங்கற்பாவின் கீழே மருமகப்பிள்ளையின் பெயர் இருக்கும். ஒரு கருமாதியில் மருமகன் வாசித்த பாட்டைக் கேட்டு ஊரே மூக்கைச் சிந்தியது. எழுதிய மனிதர் கடைசிப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தார். "ஊர்ல அல்லாரு பேரும் என் எழுத்து மேல ஏறிடுச்சு, என் பேரு ஒண்ணுதான் பாக்கி" என்று சிரிப்பார். சிரிப்பில் சத்தம் இருக்காது. அட்டையில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். ஐம்பது வயதில் அவருக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

அதுவும் குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லும் படப் புத்தகம். சென்னைப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். "நானே போட்டுக்கறேன் போ" என்று சைக்கிளை விற்றார்.

*உண்ணும் கை வலக்கை,*
*ஊட்டும் கை வலக்கை,*
*பெரியோர்க்குப் பூவைப்*
*பணிந்தளிக்கும் வலக்கை.*

இப்படியே பக்கத்துக்குப் பக்கம் வலக்கை. டிராயிங் வாத்தியார் ஒருவர் படம் போட்டுக் கொடுத்தார். படங்களை அச்சிடும் பிளாக் செய்யச் சென்னைக்குப் போனால் கட்டுப்படியாகாது என்று, ஊரை ஒட்டிய கதிர்காமத்தில் கதவு கொத்தும் தச்சர் பாவாடையைப் பிடித்தார் சாமிக்கண்ணு. பாவாடை கொத்திய அன்னம் கதவை விட்டுப் பறந்துவிடும் போலிருக்கும். அவர் படத்தாளை மரக்கட்டைமேல் ஒட்டி, கோட்டுக்குக் கோடு அப்படியே செதுக்கிக் கொடுத்தார். அப்படியே செதுக்கியதுதான் வம்பு. கதவில் கொத்தியது கொத்தியபடி நிற்கும். மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் இடம் வலமாகிவிடும்.

புரூஃபை மூன்று தடவை பார்த்தார் சாமிக்கண்ணு. அவர் பார்க்கும் முறையே தனி. அட்டையில் ஒரு வரி அகலத்துக்குத் துளை வெட்டி, அதன் வழியாக எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். புத்தகத்தில் ஓர் ஒற்றுப்பிழை கிடையாது. படங்களெல்லாம் அந்த அட்டைக்கு அடியிலேயே கிடந்தன.

முதல் பிரதியை மனைவி அஞ்சலாட்சியிடம் நீட்டினார். அந்த அம்மாள் அட்டையைத் தடவிப் பார்த்து, உள்ளே புரட்டினார்.

"பேரு நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்காங்க. ஆனா இன்னாங்க இது, அல்லாம் பீச்சாங்கையால துன்னுதுங்க?"

ராஜா இடக்கையால் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாய் இடக்கையால் சோறு ஊட்டினாள். பையன் வாத்தியாருக்கு இடக்கையால் பூ கொடுத்தான். கீழே கொட்டை எழுத்தில் வலக்கை, வலக்கை.

அச்சகத்துக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரனான நானும் பின்னாலேயே ஓடினேன். முதலாளி இராமதாஸ் பதறவே இல்லை. "நான் அப்பவே பாத்தேன் முசே. எழுத்தாளராச்சே, எதுனா உள்ளர்த்தம் வச்சிருப்பீங்கன்னு வுட்டுட்டேன்."

இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன், பாவமாகப் போய்விட்டது.

மனிதர் லேசில் விடவில்லை. பிழைத்திருத்தம் ஒன்று எழுதி அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினார்: 'படங்களில் காணப்படும் இடக்கைகளை வலக்கைகள் எனத் திருத்திக் காண்க.' இந்த வாக்கியத்திலும் ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரோ புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "ஒரு வருஷமா அடிச்சுத் திருத்தி வச்சிருக்கோம் ஐயா. ஒரே நாள்ல கெடுத்துடுவீங்க போலிருக்கே."

கடைசியில், தெருவில் நாலைந்து வீட்டுக்கு இனாமாகக் கொடுத்தது போக மீதியை மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு கட்டு அவர் தோளில், ஒரு கட்டு என் தோளில். "என் பேர்ல மொளகா கட்டட்டும், கொத்தமல்லி கட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

சந்து திரும்பியதும் வழியை மறித்துப் பிள்ளைகள் கூட்டம். மண்சோறு ஆக்கி இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய வலக்கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நடுவில் அட்டை கிழிந்து நம் வலக்கைப் புத்தகம் கிடந்தது.

"இன்னா வெளையாட்டு இது?" என்றேன்.

"சாமிக்கண்ணு ஊரு" என்றாள் மூக்கொழுகிய ஒரு சிறுமி. "இந்த ஊர்ல அல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். சோத்தாங்கை வந்துச்சுன்னா அவுட்டு."

"சாமிக்கண்ணுன்னா யாரு?" கேட்டது சாமிக்கண்ணுதான்.

"இதுகூடத் தெரியாதா? அந்த ஊரு ராஜா. அட்டையில பேரு போட்டிருக்கு பாரு!" தன் வாயிலிருந்து பாதிக் கமர்கட்டை இடக்கையால் எடுத்து அவரிடம் நீட்டினாள். "இந்தா மாமா, நீயும் ஆட்டத்துக்கு வா."

பிள்ளைகள் கண்கொட்டாமல் அவர் கைகளையே பார்த்தார்கள். சாமிக்கண்ணு தோளிலிருந்த கட்டை இறக்கித் தரையில் வைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடக்கையை நீட்டினார்.