டாக்டரிடம் சொல்லாத நாட்கள்

என் மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் ஆள் மாறிப்போனாள். தூங்கவில்லை. செத்துப்போன அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. புத்தி கலங்கியவர்களை அதில் உட்கார வைப்பார்கள்.

"பதினோரு நாள் உக்கார வையிங்க மதினி, எல்லாம் இறங்கிரும்" என்றாள் என் வீட்டுக்காரரின் தங்கை.

பின்னால் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தேன். பதினோராம் நாள் வலிப்பு வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம்.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாலு நாளா" என்றேன். கோயிலைச் சொன்னால் ஏசுவார் என்று கூச்சம்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே மூளையைத் தாக்குகிறதாம். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கண் திறந்தே கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஸ்கேனில் இடது சினைப்பையில் கட்டி தெரிந்தது. சில பெண்களுக்கு அதிலிருந்துதான் இந்த நோய் கிளம்புமாம். கட்டியை அந்தச் சினைப்பையோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"கல்யாணம் ஆகாத பிள்ளை. நாளைக்கு யாரு கட்டுவா? கையெழுத்துப் போட்டுராதிய" என்றாள் நாத்தனார்.

"இன்னொரு சினைப்பை இருக்கும்மா, பிள்ளை பெத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நாலு நாள்லயே வந்துட்டீங்க, கொஞ்சம் நேரம் இருக்கு. ஒரு நாள் யோசிச்சுச் சொல்லுங்க."



"நாலு நாள் இல்லம்மா. பதினெட்டு நாள். கோயில்ல வச்சிருந்தோம்" என்றேன்.

அவர் ஏசவில்லை. சீட்டில் இருந்த எண்ணை அடித்து எழுதிவிட்டு, ஆபரேஷன் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். நாத்தனார் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தை எடுத்து, அதில் உள்ள கெட்ட நீரைப் பிரித்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பல வாரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

"எத்தன நாளும்மா அப்படிக் கிடந்தேன்?"

முதல் நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். குழியில் உட்கார வைத்த நாட்களை விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அத்தையை ஒரு நாள் அதுல உக்கார வச்சுப் பாக்கணும்" என்றாள்.

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. மாத்திரை நேரம் ஆகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.